ஒரு பாட் செலவு 110 ரூபா, பில் 750 ரூபா: ஹூக்கா லவுஞ்சுல நான் போட்ட 4 லட்சம்

சைடு பிசினஸ் பத்தி வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்வி வேற வேற ரூபத்துல வந்துட்டே இருக்கு. "ப்ரோ, ஃப்ரெண்டு ஒருத்தன் ஹூக்கா லவுஞ்ச் ஆரம்பிக்கறான். 5 லட்சம் போட்டா மாசம் 25 ஆயிரம் வரும்னு சொல்றான். போடலாமா?"

வீடியோல சொல்ல கூச்சமா இருந்துச்சு, அதனால இங்க எழுதறேன். நான் போட்டேன். 2023 மே மாசம், பெங்களூர்ல, 4 லட்சம். இந்த சேனல் அப்போ கிடையாது. கையில 62 ஆயிரம் சம்பளம், ஒரு பிஎஃப் அக்கவுன்ட், நிறைய நம்பிக்கை. அவ்ளோதான்.

என் பழைய ரூம்மேட் தான் வந்து சொன்னான். "மச்சான், ஒரு பாட் போட எனக்கு ஆகற செலவு 110 ரூபா. பில்லு 750. உலகத்துல எந்த தொழில்லடா இந்த மார்ஜின் இருக்கு?" அவன் பொய் சொல்லல. ஃப்ளேவர், தேங்காய் சிரட்டைக் கரி, ஃபாயில் பேப்பர், வாய்ல வைக்கற பிளாஸ்டிக் டிப் எல்லாம் சேர்த்தா உண்மையிலேயே அவ்ளோதான் வந்துச்சு. டீக்கடைல இருந்து பிரியாணிக்கடை வரைக்கும் எடுத்துப் பாருங்க, 85 சதவீதம் கிராஸ் மார்ஜின் எங்கயும் கிடைக்காது. அந்த ஒரு நம்பர் தான் என்னை மயக்குச்சு. உங்களையும் அதுதான் மயக்கும். அதனால முதல்ல அந்தக் கணக்கையே முழுசா பிரிச்சுப் பார்த்துடலாம்.

எங்க பெஸ்ட் மாசத்தோட கணக்கு

மொத்த முதலீடு 40 லட்சம். அதுல 16 லட்சம் கட்டட ஓனருக்கு அட்வான்ஸ் (பெங்களூர்ல 10 மாச வாடகை அட்வான்ஸ் கேக்கறது ரொம்ப சகஜம்). இன்டீரியருக்கு 14 லட்சம், கிச்சனுக்கும் எக்ஸாஸ்டுக்கும் 5 லட்சம், ஹூக்கா பாட், சோஃபா, சவுண்டு சிஸ்டம்னு 3 லட்சம், கைச்செலவுக்கு 2 லட்சம். நான் போட்டது 4 லட்சம், அதாவது 10 சதவீதம்.

2023 டிசம்பர் தான் எங்களுக்கு உச்சம். கிறிஸ்துமஸ், நியூ இயர், சனி ஞாயிறு மட்டுமே 10 நாள். வார நாள்ல சராசரியா 18 பாட், சனி ஞாயிறுல 38. மாசத்துக்கு 758 பாட். 750 ரூபான்னு போட்டா 5,68,500 ரூபா. சாப்பாடு, மாக்டெயில்ல இருந்து 2,40,000. மொத்த வியாபாரம் 8,08,500.

எட்டு லட்சம்! அன்னைக்கு நைட்டு நான் தூங்கல.

இப்ப செலவு பக்கம் வாங்க. ஹூக்கா சாமான் 83,380. சாப்பாட்டுச் சரக்கு 96,000. வாடகை 1,60,000. ஏழு பேர் சம்பளம் 1,75,000. கரன்ட், தண்ணி, எக்ஸாஸ்ட் மெயின்டனன்ஸ் 48,000. உடைஞ்ச கண்ணாடி, மாத்த வேண்டிய ஹோஸ், கிளீனிங்னு 20,000. அப்புறம் எக்செல் ஷீட்ல "இதர"ன்னு ஒரு வரி, 60,000. ரசீது கேட்டேன். "அதுக்கெல்லாம் ரசீது தரமாட்டாங்கடா"ன்னு சிரிச்சான். ரசீது இல்லாத செலவு ஒரு தொழில்ல மாசாமாசம் வருதுன்னா அந்தத் தொழில் எந்த ஐஸ்கட்டி மேல நிக்குதுன்னு அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

மொத்த செலவு 6,42,380. மிச்சம் 1,66,120. என் பங்கு 16,612.

பர்சனல் லோன் 4 லட்சம், 14 சதவீதம், 36 மாசம். என் இஎம்ஐ 13,671. ஆக, வருஷத்துலயே நல்லா ஓடின மாசத்துல என் பாக்கெட்டுக்கு வந்த உண்மையான லாபம் 2,941 ரூபா.

85 சதவீத மார்ஜின் எங்க போச்சுன்னு கேட்டா, பாட்ல தான் மார்ஜின் இருந்துச்சு, கடைல இல்ல. ஒருத்தர் ஒரு பாட் வாங்கிட்டு ரெண்டரை மணி நேரம் சோஃபால உக்காருவார். கூட மூணு பேர். அந்த மூணு பேரும் அதே பாட்ல தான் இழுப்பாங்க. நாலு சீட்டு, ரெண்டரை மணி நேரம், 750 ரூபா. பக்கத்து தோசைக்கடைல அதே நாலு சீட்டு அந்த நேரத்துல அஞ்சு தடவ மாறிருக்கும். பாட்டுக்கு எவ்ளோன்னு கணக்கு போடறவன் ஏமாந்துடுவான். ஒரு சீட்டுக்கு, ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோன்னு கணக்கு போடணும்.

முதல் மூணு மாசம் பைசா வரல. செப்டம்பர்ல 4,000, அக்டோபர்ல 8,000, நவம்பர்ல 11,000, டிசம்பர்ல 16,600, ஜனவரில 12,400. மொத்தம் 52,000. அந்த எட்டு மாசத்துல நான் கட்டின இஎம்ஐ 1,09,368.

பிப்ரவரி 2024

அந்த மாசம் கர்நாடக அரசு ஹூக்கா விற்பனை, பயன்பாடு, விளம்பரம் எல்லாத்தையும் தடை பண்ணுச்சு. நிகோடின் இருக்கறது, இல்லாதது, ஃப்ளேவர் போட்டது, போடாதது, எதுவும் மிச்சம் இல்ல. ரூம்மேட் போன் பண்ணப்ப நான் ஆபீஸ்ல ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல இருந்தேன். "டேய், கடைய மூடச் சொல்லிட்டாங்க"ன்னான். நான் மியூட்ல இருந்தேன். மேனேஜர் என் பேரை ரெண்டு தடவ கூப்பிட்டது ஞாபகம் இருக்கு.

திடீர்னு நடந்துச்சுன்னு ரொம்ப நாள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். அது உண்மை இல்ல. 2023 செப்டம்பர்லயே கர்நாடக சுகாதார அமைச்சர் ஹூக்கா பார்களை தடை பண்ணப் போறோம்னு வெளிப்படையா சொல்லிட்டார். அக்டோபர்ல கோரமங்களால ஹூக்கா ஓடிட்டு இருந்த ஒரு கஃபேல தீ விபத்து, வீடியோ ஊர் பூரா சுத்துச்சு. இன்னும் பின்னாடி போனா, மும்பை கமலா மில்ஸ்ல 2017 டிசம்பர்ல நடந்த தீ விபத்துல 14 பேர் இறந்தாங்க. ஹூக்கா கரியில இருந்து பறந்த தீப்பொறிதான் காரணம்னு தீயணைப்புத் துறை அறிக்கை சொல்லுச்சு. குஜராத் 2017லயே தடை பண்ணிடுச்சு. மகாராஷ்டிராவும் பஞ்சாப்பும் 2018ல. இவ்ளோ சிக்னல் இருந்தும் நான் பார்த்தது ஒரே ஒரு எக்செல் ஷீட்.

கர்நாடகத் தடைய எதிர்த்து சிலர் ஹைகோர்ட் போனாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல தடை செல்லும்னு தீர்ப்பு வந்துடுச்சு. தெலங்கானாவும் அந்த பிப்ரவரிலயே சட்டசபைல மசோதா நிறைவேத்திடுச்சு.

நாங்க "வெறும் கஃபே"வா ஓட்டிப் பார்த்தோம். வியாபாரத்துல 70 சதவீதம் ஹூக்கா. அது போனா 30 சதவீதமாவது மிஞ்சும்னு நினைச்சோம். மிஞ்சல. ஹூக்கா இழுக்க வந்தவங்க தான் ஃப்ரைஸும் மாக்டெயிலும் வாங்கினாங்க. வெறும் ஃப்ரைஸுக்காக யாரும் மூணாவது மாடி ஏறி வர்றதில்ல. ஏப்ரல் கடைசில ஷட்டரை இறக்கிட்டோம்.

அட்வான்ஸ் 16 லட்சத்துல மூணு மாச வாடகை பாக்கி 4.8 லட்சம் போச்சு. பெயின்டிங், ரிப்பேர்னு ஓனர் 2.2 லட்சம் பிடிச்சுக்கிட்டார். கைக்கு வந்தது 9 லட்சம். 22 லட்சத்துக்கு வாங்கின இன்டீரியர், கிச்சன், சோஃபா எல்லாம் சேர்த்து 2.3 லட்சத்துக்குப் போச்சு. ஸ்டாஃப் சம்பளம், சப்ளையர் பாக்கி 3.8 லட்சம் கொடுத்தது போக மிச்சம் 7.5 லட்சம். என் பங்கு 75,000.

கூட்டிப் பாருங்க. உள்ள வந்தது 52,000 + 75,000 = 1,27,000. லோனுக்காக 36 மாசத்துல கட்ட வேண்டியது 4,92,156. நஷ்டம் 3,65,156 ரூபா. கடைசி இஎம்ஐ 2026 மே மாசம், கடை மூடி ரெண்டு வருஷம் கழிச்சு.

அந்த 2.2 லட்சத்தை ஏன் கேக்கல?

இதை எழுதறதுக்குத் தான் இந்தக் கட்டுரையே. பெயின்டிங்குக்கு 2.2 லட்சம் அநியாயம்னு எல்லாருக்கும் தெரியும். வக்கீல்கிட்ட போனோம். அவர் முதல்ல கேட்டது, "ஃபர்ம் ரிஜிஸ்டர் பண்ணிருக்கீங்களா?"

பண்ணல. ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு டீட், நாலு கையெழுத்து, ரெண்டு சாட்சி. நாங்க அதையே ரிஜிஸ்ட்ரேஷன்னு நினைச்சுட்டோம். 1932ஆம் வருஷத்து பார்ட்னர்ஷிப் சட்டத்தோட 69வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, பதிவு பண்ணாத ஃபர்ம், ஒப்பந்தத்துல இருந்து வர்ற உரிமைக்காக வெளியாள் மேல சிவில் கேஸ் போட முடியாது. ஆனா வெளியாள் உங்க மேல போடலாம். பார்ட்னரே இன்னொரு பார்ட்னர் மேல டீட்ல எழுதின உரிமைக்காக கேஸ் போட முடியாது. ஃபர்மைக் கலைக்கவும் கணக்கு கேக்கவும் வழி உண்டு. ஆக, லீஸ் அக்ரிமென்ட்டைக் காட்டி ஓனர்கிட்ட பேரம் பேச எங்களுக்குப் பலமே இல்ல. அதுக்கு மேல, லாக்-இன் மூணு வருஷம்னு போட்டிருந்த அக்ரிமென்ட் அவர் கையில இருந்துச்சு. கொடுத்ததை வாங்கிட்டு வந்தோம்.

அதே சட்டத்துல 25வது பிரிவு இன்னும் மோசம். ஃபர்மோட கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் தனியாவும் சேர்ந்தும் முழுப் பொறுப்பு. எனக்கு 10 சதவீதம் தான் பங்கு, அதனால 10 சதவீதக் கடன் தான் என்னுதுன்னு நினைச்சிருந்தேன். இல்ல. மத்த மூணு பேரும் கையை விரிச்சிருந்தா, சப்ளையர் 3.8 லட்சத்தையும் என்கிட்டயே கேட்டிருக்கலாம். மாசச் சம்பளம் வர்றவன் யாரு? நான் தானே. "ஸ்லீப்பிங் பார்ட்னர்"ன்னு சொல்லிக்கலாம், கடன்காரங்க எழுப்பிடுவாங்க.

எல்எல்பி, அதாவது 2008 சட்டப்படி பதிவு பண்ற லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்பா இருந்திருந்தா, பொதுவா நான் போட்ட பணத்தோட என் நஷ்டம் நின்னுருக்கும். பர்சனல் கேரன்டி கொடுத்திருந்தாலோ, மோசடி நடந்திருந்தாலோ அது வேற கதை.

தமிழ்நாட்டுல ஆரம்பிக்கலாமா?

முடியாது. இதுல "ஆனா" எதுவும் இல்ல. 2022 அக்டோபர்ல தமிழ்நாடு சட்டசபை கோட்பா சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேத்துச்சு. 2023ல ஜனாதிபதி ஒப்புதலும் கிடைச்சுடுச்சு. ஹூக்கா பார் நடத்தினா குறைஞ்சது ஒரு வருஷம், அதிகபட்சம் மூணு வருஷம் ஜெயில். அபராதம் 20,000ல இருந்து 50,000 வரைக்கும். சப்-இன்ஸ்பெக்டரும் அதுக்கு மேல உள்ளவங்களும் சாமானைப் பறிமுதல் பண்ணலாம்.

அபராதத்தைப் பார்த்து "50 ஆயிரம் தானே"ன்னு நினைக்கறவங்க இருக்காங்க. நீங்க சம்பளக்காரர். உங்களுக்கு அபராதம் பிரச்சினை இல்ல, எஃப்ஐஆர் தான் பிரச்சினை. அடுத்த கம்பெனி மாறும்போது பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன் வரும். கோர்ட்ல கிரிமினல் கேஸ் நிலுவைல இருந்தா பாஸ்போர்ட்டை மறுக்க சட்டத்துல இடம் இருக்கு. ஆன்சைட் கனவு இருக்கறவங்க இதை ரெண்டு தடவ படிங்க. "பணம் மட்டும் தான் போட்டேன், கடைக்கே போனதில்ல"ன்னு சொல்லலாம். ஆனா கோட்பாவுல கம்பெனின்னு சொன்னா பார்ட்னர்ஷிப் ஃபர்மும் அதுல அடக்கம். பொறுப்புல இருந்தவங்க மேல கேஸ் வரும். எனக்குத் தெரியாம நடந்துச்சுன்னு காட்ட வேண்டிய வேலை உங்களோடது.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "ப்ரோ, இது ஹெர்பல். டொபாக்கோவே இல்ல."

தமிழ்நாட்டுச் சட்டத்துல ஹூக்கா பாருக்கான விளக்கத்துல புகையிலைங்கற வார்த்தை இருக்கு, அதனால ஹெர்பல் தப்பிச்சுடும்னு வாதம் பண்றவங்க உண்டு. வாதம் பண்றதுக்கு கோர்ட்டு, வக்கீல், தேதி எல்லாம் வேணும். நீங்க ஜெயிக்கற வரைக்கும் பாட் ஸ்டேஷன்ல இருக்கும், ஷட்டர் கீழ இருக்கும், வாடகை மட்டும் மேல ஓடிட்டு இருக்கும். கர்நாடகத்துல எங்களுக்கு அந்த வாதமும் இல்லாம போச்சு. உடம்புக்கும் அது "மூலிகை" இல்ல. கரியை எரிச்சு இழுத்தா கார்பன் மோனாக்சைடு உள்ள போகும், மேல இருக்கறது புதினாவா புகையிலையான்னு கரிக்குத் தெரியாது. ஒரு மணி நேர ஹூக்காவுல உள்ள போற புகையோட அளவு ஒரு சிகரெட்டை விட 100ல இருந்து 200 மடங்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லிருக்கு. எங்க கடைல வேலை பார்த்த பையன், கரி பத்த வைக்கற வேலை, மாசத்துல நாலு நாள் தலைவலின்னு லீவு போடுவான். நாங்க அவனைச் சோம்பேறின்னு பேசிட்டு இருந்தோம். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

வேற மாநிலம் பார்க்கலாம்னா, தனித் தடை இல்லாத இடத்துலயும் கோட்பா விதிகள் உண்டு. 30 சீட்டோ அதுக்கு மேலயோ இருக்கற ரெஸ்டாரன்ட்ல தனியா ஸ்மோக்கிங் ஏரியா வெச்சுக்கலாம். ஆனா 2017 மே மாசத் திருத்தத்துக்கு அப்புறம் அந்த ஏரியாவுக்குள்ள எந்த சர்வீஸும் பண்ணக்கூடாது. சர்வீஸ் பண்ணாம ஹூக்கா லவுஞ்ச் எப்படி நடத்தறது? சட்டத்தை மீறினா தான் பிசினஸ் மாடலே வேலை செய்யும்னா, அது பிசினஸ் மாடல் இல்ல.

துபாய்ல இருக்கற நம்ம ஆளுங்களும் கேக்கறாங்க. அங்க முறையா லைசென்ஸ் வாங்கி நடத்தலாம், அது உண்மை. ஆனா ஷீஷா லைசென்ஸ் சாதாரண கஃபே லைசென்ஸோட சேர்ந்து வர்றதில்ல, தனியா வாங்கணும். 2017 அக்டோபர்ல இருந்து புகையிலைப் பொருளுக்கு 100 சதவீத எக்சைஸ் வரி, அதுக்கு மேல 5 சதவீத வாட், வருஷ லாபம் 3,75,000 திர்ஹாமைத் தாண்டினா 9 சதவீத கார்ப்பரேட் வரி. அந்த ஊர் வாடகைல இதெல்லாம் போட்டு ஒரு ஷீட் தயார் பண்ணிட்டு அப்புறம் யோசிங்க. "ஊர்ல இருந்து பணம் அனுப்பு, நான் பார்த்துக்கறேன்"ன்னு ஒருத்தர் சொல்றதை நம்பி மட்டும் வேணாம்.

ஏற்கனவே பணம் போட்டுட்டீங்களா?

போன வாரம் ஒரு தம்பி சரியா இந்த நிலைமைல இருந்து எழுதிருந்தார். 3 லட்சம் கொடுத்தாச்சு, கடை இன்னும் திறக்கல, "ரூஃப்டாப் கஃபே"ன்னு சொன்னாங்க, இப்ப மெனுவுல ஹூக்கா இருக்காம். அவருக்கு எழுதின பதிலையே இங்கயும் போடறேன்.

முதல்ல அந்த டீட்ல தொழிலோட தன்மைன்னு என்ன எழுதிருக்குன்னு பாருங்க. "ரெஸ்டாரன்ட்"ன்னு இருந்து நடத்தப் போறது ஹூக்கான்னா, எனக்கு இதுல சம்மதம் இல்லன்னு இன்னைக்கே எழுத்துல, மெயில்ல அனுப்புங்க. வாட்ஸ்அப் மட்டும் பத்தாது. பணம் கேஷா கொடுத்திருந்தா, வாங்கினதா ஒரு ஒப்புதலை மெயில்லயாவது வாங்கி வெச்சுக்கங்க. வெளிய வர்றதுன்னா ரிட்டயர்மென்ட் டீட் போடணும், அதோட பொது அறிவிப்பும் கொடுக்கணும். அறிவிப்பு கொடுக்காம வெளிய வந்தா, அதுக்கப்புறம் ஃபர்ம் வாங்கற கடனுக்கும் உங்களைத் தேடி வர வாய்ப்பு இருக்கு. கையில லீஸ் காப்பி இல்லன்னா முதல்ல அதை வாங்குங்க. லாக்-இன் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க.

அப்புறம் உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து, வெளித்தொழில் பத்தின பத்தியைப் படிங்க. நிறைய கம்பெனில முன்அனுமதி வேணும். நான் வாங்கல. யாரும் கேக்காததால தப்பிச்சேன்.

3 லட்சத்துல 2 லட்சம் திருப்பித் தர்றேன்னு சொன்னா வாங்கிட்டு வந்துடுங்கன்னு அந்தத் தம்பிக்குச் சொன்னேன். "ஒரு லட்சம் நஷ்டமாச்சேண்ணா"ன்னார். என் 3,65,156 கணக்கை அவருக்கு அனுப்பி வெச்சேன். இன்னும் பதில் வரல.

என் ரூம்மேட் இப்ப மறுபடியும் வேலைக்குப் போறான். அவன் போட்டது 12 லட்சம், அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணம். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறோம், தீபாவளிக்கு வீட்டுக்குப் போறோம், கடையைப் பத்தி மட்டும் பேசறதில்ல. இந்தக் கட்டுரையைப் போடறதுக்கு முன்னாடி அவனுக்கு அனுப்பி, போடலாமான்னு கேட்டேன். "அந்த 60,000 வரியையும் சேர்த்துப் போடு"ன்னு மட்டும் பதில் வந்துச்சு.